கில்ட், கோட்டை, கிளான்: ஸ்காட்லாந்து பாரம்பரியம் யாருடையது?

2024 கோடையில் பிரிட்டன் அரச குடும்பத்தின் பால்மோரல் கோட்டை வாசலைத் திறந்தது. அதுவரை வெளியாட்கள் உள்ளே பார்க்க முடிந்தது நடனக்கூடம் ஒன்றை மட்டும்தான். அந்த ஜூலையில்தான் முதல்முறையாக மற்ற அறைகளுக்கும் வழிகாட்டியோடு அழைத்துப் போனார்கள். டிக்கெட் 100 பவுண்டு, நம்மூர்க் கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மாலைத் தேநீரும் வேண்டுமென்றால் 150. ஒரே நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? கருங்கல் கோபுரம், மான் கொம்பு, பேக்பைப் இசை, கட்டம் போட்ட டார்ட்டன் துணி என்று, 'பழமையான ஸ்காட்லாந்து' என்றதும் மனதில் வரும் படம் முழுசாக அங்கே இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். அந்தக் கோட்டை அப்படியொன்றும் பழசு இல்லை. கட்டி முடித்தது 1856-ல். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதும் அதே ஆண்டில்தான். கோட்டைக்கென்றே உள்ள பால்மோரல் டார்ட்டன் டிசைனும் அதற்கு மூன்று ஆண்டு முன்பு விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் உருவாக்கியது. அவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை, ஜெர்மனியில் பிறந்தவர்.

வேலைக்கோ மேல்படிப்புக்கோ பிரிட்டன் போக ஆங்கிலம் படிப்பவர்களின் பாடப்புத்தகங்களில் கில்ட், டார்ட்டன், கிளான், காசில் என்ற சொற்கள் எல்லாம் 'தொன்மையான ஸ்காட்டிஷ் மரபு' என்ற ஒரே வரியில் வந்து போகும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் தடைச் சட்டம் இருக்கிறது, ஒரு ராஜாவின் ஷாப்பிங் பில் இருக்கிறது, எரிக்கப்பட்ட வீடுகளும் இருக்கின்றன.

அரண்மனை எது, வீடு எது?

ஸ்காட்லாந்தில் பிரிட்டிஷ் மன்னருக்கு முக்கியமாக இரண்டு இருப்பிடங்கள். எடின்பர்க் நகரில் ராயல் மைல் தெரு முடியும் இடத்தில் ஹோலிரூட்ஹவுஸ். வடக்கே அபர்டீன்ஷயரில், டீ ஆற்றங்கரையில் பால்மோரல். பெயரைப் பார்த்தால் குழப்பும். 'ஹவுஸ்' என்று முடிவதுதான் அதிகாரபூர்வ அரண்மனை. 'காசில்' என்று முடிவது அரச குடும்பத்தின் சொந்த வீடு.

இந்த வித்தியாசம் பணத்தைத் தொடும்போது பளிச்சென்று தெரியும். ஹோலிரூட்ஹவுஸ் முடியாட்சி என்ற அமைப்புக்குச் சொந்தமானது. யார் அரியணையில் இருந்தாலும் அதை விற்க முடியாது. பால்மோரல் தனிச்சொத்து. 1936-ல் எட்டாம் எட்வர்ட் காதலுக்காக முடியைத் துறந்தபோது, அரியணை தானாகவே தம்பி ஆறாம் ஜார்ஜுக்குப் போய்விட்டது. ஆனால் பால்மோரல் போகவில்லை. அண்ணனிடமிருந்து தம்பி அதைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

1993-ல் அரசோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, ஒரு மன்னரிடமிருந்து அடுத்த மன்னருக்குப் போகும் சொத்துக்கு வாரிசு வரி கிடையாது. ஆக, சுமார் 50,000 ஏக்கர் எஸ்டேட் வாங்க, விற்கும்போது தனிச்சொத்து. வரி என்று வரும்போது மட்டும் அது மன்னரின் சொத்து. சாதாரண பிரிட்டிஷ் குடும்பம் எதற்கும் இப்படி ஒரு வசதி இல்லை.

2022 செப்டம்பரில் உலகமே இந்த வீட்டைப் பார்த்தது. 6-ம் தேதி லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக நியமிக்க எலிசபெத் ராணி லண்டன் போகவில்லை, டிரஸ் பால்மோரல் வந்தார். இரண்டு நாளில் ராணி அங்கேயே காலமானார். ஸ்காட்லாந்தில் இறந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனித் திட்டமே தயாராக இருந்தது. அதன் பெயர் 'ஆபரேஷன் யூனிகார்ன்'. யூனிகார்ன் ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு. ஆமாம், ஒற்றைக் கொம்புக் குதிரை. இல்லாத விலங்கைத் தேசிய விலங்காக வைத்திருக்கும் நாட்டில், இல்லாத பழமையைக் கட்டுவது பெரிய விஷயமில்லை என்று கிண்டலடிக்கத் தோன்றும். ஆனால் கதை அவ்வளவு லேசானது இல்லை.

'மடித்துக் கட்டு' என்றொரு உடை

முதலில் சொற்களைச் சரி செய்துகொள்ளலாம். டார்ட்டன் என்பது கட்டம் போட்ட நெசவு. கில்ட் என்பது உடை. ஸ்காட்ஸ் மொழியில் 'கில்ட்' வினைச்சொல்லாகவும் உண்டு. பொருள், துணியை மேலே தூக்கி மடித்துக் கட்டுவது. வயலில் இறங்கும்போது வேட்டியை மடித்துக் கட்டுகிற அதே செயல். 'பிளாட்' என்ற இன்னொரு சொல் போர்வை போன்ற நீளத் துணியைக் குறிக்கும். அமெரிக்கர்கள் அதே சொல்லால் டார்ட்டன் டிசைனையே அழைக்கிறார்கள். ஆன்லைன் ஷாப்பிங்கில் சட்டை தேடும்போது வருகிற 'பிளாட் ஷர்ட்' அதுதான்.

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைப்பகுதி ஹைலேண்ட்ஸ். தெற்கிலும் கிழக்கிலும் உள்ள சமவெளி லோலேண்ட்ஸ். கில்ட் மலைக்காரர்களின் உடை. சமவெளி நகரவாசிகளுக்கு அது பல காலம் கொள்ளைக்காரன் உடையாகவே தெரிந்தது. எடின்பர்க் வக்கீலோ கிளாஸ்கோ வியாபாரியோ அதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

1746 ஏப்ரல் 16-ல் கலோடன் என்ற இடத்தில் ஒரு போர். பறிபோன ஸ்டூவர்ட் வம்சத்து அரியணையை மீட்க வந்த இளவரசர் சார்லஸின் பின்னால் பெரும்பாலும் ஹைலேண்ட் வீரர்கள் நின்றார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. காயம்பட்டுக் கிடந்தவர்களையும் அரசுப் படை விடவில்லை. அந்தப் படைத்தலைவர் கம்பர்லண்ட் கோமகனுக்கு 'கசாப்புக்காரர்' என்ற பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே ஆண்டு வந்தது உடைத் தடைச் சட்டம். ஹைலேண்ட்ஸில் ஆணோ சிறுவனோ கில்ட் கட்டினால், முதல் தடவை ஆறு மாதம் சிறை. இரண்டாவது தடவை கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல். உடுப்புக்காக நாடுகடத்தல்! இந்தச் சட்டம் 1782 வரை 36 ஆண்டுகள் இருந்தது.

அதில் ஒரு விலக்கு உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் ஹைலேண்ட் படைப்பிரிவுகளில் சேர்ந்தால் கில்ட் கட்டலாம். சொந்த ஊரில் குற்றமாக இருந்த உடை, ராஜாவுக்காகச் சாகப் போகும்போது சீருடையானது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் ஆங்கிலேயர் படை நொறுங்கியதே, அதில் இப்படித் திரட்டப்பட்ட ஹைலேண்ட் படைப்பிரிவு ஒன்றின் வீரர்களும் இருந்தார்கள். அங்கே சிறைபிடிக்கப்பட்ட ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் பேர்ட்தான், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். புள்ளலூரில் அந்த வீரர்கள் விழுந்தபோது அவர்கள் ஊரில் உடைத் தடை இன்னும் அமலில் இருந்தது.

ராஜா கில்ட் கட்டிய நாள்

1822 ஆகஸ்ட். நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பர்க் வந்தார். ஆட்சியில் இருக்கும் மன்னர் ஒருவர் ஸ்காட்லாந்தில் கால் வைத்து சுமார் 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. வரவேற்பு ஏற்பாட்டை நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டிடம் விட்டார்கள். ஒரு நாவலாசிரியர் கையில் அரசு விழாவைக் கொடுத்தால் என்ன ஆகும்? நாவல்தான் ஆகும்.

ஸ்காட் சமவெளிக்காரர். ஆனாலும் விழா முழுவதையும் மலைக்கோலத்தில் அமைத்தார். குலத்தலைவர்கள் ஆட்களோடு டார்ட்டன் அணிந்து அணிவகுத்தார்கள். நடன விருந்துக்கு ஹைலேண்ட் உடை பரிந்துரைக்கப்பட்டது. மன்னர் ஹோலிரூட்டில் ராயல் ஸ்டூவர்ட் டார்ட்டன் கில்ட்டில் காட்சி கொடுத்தார், உள்ளே தோல் நிறத்தில் காலுறை போட்டுக்கொண்டு. கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். அந்த அலங்காரத்துக்கு மட்டும் அவருக்கு ஆன செலவு 1,354 பவுண்டு 18 ஷில்லிங். கலோடனில் கசாப்பு நடத்திய கம்பர்லண்ட், இந்த ஜார்ஜின் தாத்தாவுக்குத் தம்பி முறை. எந்த வம்சத்தை அன்று ஒழித்தார்களோ அதன் பெயர் கொண்ட துணியை, அதே குடும்பத்துப் பேரன் கட்டிக்கொண்டு நின்றார்.

பழிக்கப்பட்ட உடை ஒரே வாரத்தில் தேசிய உடை ஆனது. துணி வியாபாரம் எகிறியது. பேனக்பர்னில் வில்சன் என்ற நெசவு நிறுவனம் அதுவரை பல டிசைன்களை வெறும் எண் போட்டு விற்றுவந்தது. பின்னர் அவற்றுக்கு ஒவ்வொரு குலப் பெயராக ஏறியது. 1842-ல் இரண்டு சகோதரர்கள் 'பழைய சுவடி'யிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக் குல டார்ட்டன்களின் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். சுவடி போலி என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் டிசைன்கள் கல்யாண உடையாகிவிட்டன. எடின்பர்க் கடைகளில் 'உங்கள் குல டார்ட்டனைக் கண்டுபிடியுங்கள்' என்று மஃப்ளர் விற்கிறார்களே, அந்தப் பட்டியலின் கணிசமான பகுதி இப்படி வந்ததுதான்.

அதற்காக எல்லாமே புருடா என்று தள்ளிவிடவும் முடியாது. கிளென் அஃப்ரிக் பகுதியின் கரிச் சேற்றில் கிடைத்த டார்ட்டன் துண்டு ஒன்று 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரிந்து, 2023-ல் டன்டீ அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. கட்டம் போட்ட நெசவு பழசுதான். இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்ற அட்டவணைதான் புதுசு. 2009 முதல் அரசே டார்ட்டன் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் புது டிசைன் பதிவு செய்யலாம். ஒரு மரபு பிறந்த தேதியை மறைக்காமல் சொல்லும் இந்த முறை நேர்மையாக இருக்கிறது.

குலம் என்றால் குழந்தைகள்

1822 விழாவின் ஜிகினாவுக்குப் பின்னால், அதே காலத்தில், அதே மலைகளில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

'கிளான்' என்ற சொல் கேலிக் மொழியின் 'கிளான்' என்பதிலிருந்து வந்தது. பொருள்: குழந்தைகள். குலத்தலைவர் தகப்பன் போல, மக்கள் பிள்ளைகள் போல. தலைவன் கூப்பிட்டால் சண்டைக்குப் போக வேண்டும். பதிலுக்கு அந்த நிலத்தில் வாழும் உரிமை தலைமுறைக்கும் உண்டு என்பது மக்களின் நம்பிக்கை. எழுதிய பத்திரம் எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான், வழக்கம்தான்.

கலோடனுக்குப் பிறகு தலைவர்களின் தனி நீதிமன்ற அதிகாரம் பறிக்கப்பட்டது. சண்டைக்கு ஆள் தேவையில்லை என்றானதும் குத்தகைப் பணம்தான் முக்கியமானது. தகப்பன் மெல்ல மிராசுதார் ஆனார். மனிதர்கள் கொடுக்கும் குத்தகையைவிடச் செம்மறி ஆடு அதிக வருமானம் தரும் என்று கணக்கு சொன்னது. சட்டத்தின் கண்ணில் நிலம் தலைவருக்கே சொந்தம். அதற்குப் பிறகு நடந்ததை வரலாறு 'ஹைலேண்ட் கிளியரன்சஸ்' என்கிறது. ஆங்கிலம் கற்பவர்கள் இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திக் கவனிக்கலாம். 'கிளியரன்ஸ்' என்றால் நமக்குத் தள்ளுபடி விற்பனை ஞாபகம் வரும். அங்கே அது ஊரைக் காலி செய்வது.

மிக மோசமாக நடந்த இடங்களில் ஒன்று சதர்லாண்ட். சீமாட்டியின் எஸ்டேட்டிலிருந்து 1811 முதல் பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து கடலோரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். மாடு மேய்த்தவர்களை மீன் பிடிக்கச் சொன்னார்கள். திரும்பி வந்துவிடாதபடி கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். அங்கே மரம் அரிது என்பதால், கூரை மரம் போனால் வீடே போனது மாதிரி. 1814-ல் ஸ்டிராத்நேவர் பள்ளத்தாக்கில் எஸ்டேட் அதிகாரி பேட்ரிக் செல்லர் முன்னின்று நடத்திய வெளியேற்றத்தின்போது, படுக்கையில் கிடந்த மூதாட்டி இருந்த வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 1816-ல் இன்வர்னஸ் நீதிமன்றம் செல்லரை விடுதலை செய்தது.

கிளென்கேரி தலைவர் அலஸ்டர் மெக்டோனெல் கதை இன்னும் விசித்திரம். எப்போதும் கில்ட்டோடு திரிந்தவர். 1815-ல் 'உண்மையான ஹைலேண்டர்கள் சங்கம்' ஆரம்பித்தவர். ஸ்காட்லாந்து ஓவியம் என்றாலே கண்ணில் படும் ரேபர்னின் கம்பீரமான கில்ட் ஓவியத்தில் நிற்பவர் இவர்தான். உடையைக் காப்பாற்றப் பாடுபட்ட இதே மனிதர், தன் நிலத்திலிருந்த குடிகளை வெளியேற்றினார். கிளென்கேரி மக்கள் பலர் கனடா போய்விட்டார்கள். ஒன்டாரியோவில் ஒரு மாவட்டத்துக்கே கிளென்கேரி என்று பெயர்.

எல்லோரும் துரத்தப்பட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் தாங்களாகவே கப்பல் ஏறினார்கள். 1846-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியபோது பசி துரத்தியது. எத்தனை பேர் எதனால் போனார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் பால்மோரலில் கண்ட 'தூய்மையான தனிமை' முழுக்க இயற்கை தந்தது என்று சொல்ல முடியாது. ஹைலேண்ட்ஸின் பல பள்ளத்தாக்குகள் ஆளில்லாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே இருந்த ஆட்கள் அனுப்பப்பட்டதுதான். சுற்றுலா விளம்பரத்தில் வரும் அந்தக் காலி மலைகளில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இடிந்த வீட்டு அஸ்திவாரங்கள் தெரியும்.

சதர்லாண்டில் கோல்ஸ்பி ஊருக்கு மேலே, மலையுச்சியில் முதலாம் சதர்லாண்ட் கோமகனுக்கு சுமார் 100 அடி உயர நினைவுத் தூணும் சிலையும் நிற்கின்றன. அதை அகற்றச் சொல்லி அவ்வப்போது குரல் எழுகிறது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

ஆபீஸ் மெயிலில் உதவும் சில சொற்கள்

மலைகளைவிட்டு மக்கள் போனபோது கேலிக் மொழியும் சுருங்கியது. 1872 கல்விச் சட்டம் பள்ளிகளை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது, கேலிக்குக்கு அதில் இடமே கொடுக்கவில்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அந்த மொழி ஓரளவாவது தெரியும் என்றவர்கள் நூற்றில் மூன்று பேருக்கும் குறைவு. 2025-ல்தான் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கேலிக், ஸ்காட்ஸ் இரண்டுக்கும் அதிகாரபூர்வத் தகுதி தந்து சட்டம் இயற்றியது. எழுத்தைப் பார்த்து 'கேலிக்' என்கிறோம், ஸ்காட்லாந்துக்காரர்கள் 'காலிக்' என்பார்கள்.

மார்க்கெட்டிங் வேலையில் இருப்பவர்கள் தினமும் சொல்லும் 'ஸ்லோகன்', கேலிக்கில் படையின் போர் முழக்கம். 'விஸ்கி' என்றால் உயிர் நீர். எழும்பூரில் 1821-ல் கட்டப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைச் சென்னைவாசிகள் 'கிர்க்' என்கிறார்களே, அது தேவாலயத்துக்கான ஸ்காட்ஸ் சொல். அது ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டப்பட்டது.

எடின்பர்க் அலுவலகத்திலிருந்து வரும் மெயிலில் 'அவுட்வித்' என்று இருந்தால் எழுத்துப்பிழை என்று நினைக்க வேண்டாம். 'அதற்கு வெளியே' என்று பொருள், அங்கே முறையான அலுவலக ஆங்கிலம். 'வீ' என்றால் சின்ன. எடின்பர்க் என்று நாம் எழுதினாலும் அங்கே 'எடின்பரா'தான். மனிதர்களை 'ஸ்காட்டிஷ்' அல்லது 'ஸ்காட்ஸ்' என்று சொல்லலாம். 'ஸ்காட்ச்' பாட்டிலுக்கும் சூப்புக்கும்தான். 'உங்கள் இங்கிலாந்தில்' என்று மட்டும் ஆரம்பித்துவிடக் கூடாது. 1707-ல் இரண்டு நாடாளுமன்றங்கள் இணைந்தன, ஆனால் ஸ்காட்லாந்து இங்கிலாந்து ஆகிவிடவில்லை. சட்ட முறையும் கல்வி முறையும் இன்றும் தனி.

லீவு கேட்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனதே 1958-ல்தான். புத்தாண்டு, அதாவது 'ஹாக்மனே', அவர்களுக்குப் பெரிய நாள். நள்ளிரவு தாண்டி முதலில் வாசல் மிதிப்பவர் கறுத்த தலைமுடிக்காரராக இருந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம், கையில் நிலக்கரித் துண்டோ விஸ்கியோ கொண்டுவர வேண்டும். இதை நம்மூர்ப் பாட்டிகளுக்கு விளக்கத் தேவையே இருக்காது.

நிலம் திரும்பிய ஒரு தீவு

வெளியேற்றத்துக்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு வர வெகுகாலம் ஆனது. ஸ்கை தீவில் குடியானவர்கள் போலீஸாரோடு மோதிய 1882-க்குப் பிறகு, 1886-ல்தான் சிறு குத்தகைதாரர்களை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. நிலம் யாருக்கு என்ற கேள்வி அதோடு தீரவில்லை. ஸ்காட்லாந்தின் கிராமப்புற நிலத்தில் பெரும்பங்கு இன்றும் வெகுசில எஸ்டேட்களின் கையில் இருக்கிறது. 2003-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம், விற்பனைக்கு வரும் நிலத்தை வாங்க ஊர்மக்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. விற்பனைக்கு வந்தால்தான் அந்த உரிமைக்கு வேலை. பால்மோரல் மாதிரி எஸ்டேட்கள் விற்பனைக்கு வருவதில்லை.

அந்தச் சட்டத்துக்கு முன்பே ஒரு சின்னத் தீவு செய்து காட்டியது. மேற்குக் கடலோரத்தில் உள்ள எய்க் தீவில் 1853-ல் குரூலின் என்ற ஊரையே ஆட்டுக்காகக் காலி செய்திருந்தார்கள். பிறகு தீவு ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது. குடியிருந்தவர்களுக்கு நிரந்தரக் குத்தகை கிடையாது, வீட்டைப் பழுதுபார்ப்பதற்கே யோசிக்க வேண்டிய நிலை. 1997-ல், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவை ஓர் அறக்கட்டளையின் பெயரில் அவர்களே வாங்கிவிட்டார்கள். காற்று, தண்ணீர், வெயில் மூன்றிலிருந்தும் சொந்தமாக மின்சாரம் எடுக்கிறார்கள். வாங்கிய நாளை ஆண்டுதோறும் ஜூன் மாதம் 'கேலி' வைத்துக் கொண்டாடுகிறார்கள். 'கேலி' என்றால் ஊரே கூடி ஆடிப்பாடும் விருந்து. ஆங்கில எழுத்துக்கூட்டு படுபயங்கரம், உச்சரிப்பு மட்டும் நம் 'கேலி கிண்டல்' கேலிதான். அந்த ஆட்டத்துக்குக் கில்ட் கட்டாயமில்லை, வருகிறவர்கள் கையில் இருப்பதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.